நேர்ச்சை நடை

புதுவயலில் ஒரு மனிதன் காரணமில்லாமல் நடக்க முடியாது. மில்லுக்குப் போகிறவன் மில்லுக்குப் போகிறான், பஸ்ஸுக்குப் போகிறவன் பஸ்ஸுக்குப் போகிறான். அதை யாரும் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஆனால் தூக்குவாளியோ பையோ இல்லாமல், விடிந்தும் விடியாமலும் கண்டனூர் ரோட்டில் விறுவிறுவென்று ஒருவர் போய், அதே வேகத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தால், டீக்கடையில் நாலு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்ப்பார்கள். பார்த்தால் கேட்பார்கள். கேட்டும் விடை வராவிட்டால் அவர்களே ஒரு விடையைச் செய்துகொள்வார்கள். அந்த விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சோம்பேறிகள் இல்லை.

வியாகுலம் மேஸ்திரி நடக்கத் தொடங்கிய மூன்றாம் நாளே விடை தயாராகிவிட்டது. மேஸ்திரிக்கு மண்டையில் என்னமோ ஆகிப்போச்சாம்.

அதில் பாதி உண்மை. அதனால்தான் அவர் மனைவி இன்பமேரிக்குப் பயமாக இருந்தது. முழுப் பொய்யென்றால் சண்டைக்குப் போயிருப்பாள்.

வியாகுலத்துக்கு ஐம்பது வயது. ஊரில் ஒரு அரிசி மில்லில் இருபத்திரண்டு வருஷமாக அவியல் மேஸ்திரி. ஊறிய நெல்லை இரும்பு அண்டாவில் ஏற்றி, நீராவி கொடுத்து, உமி லேசாக வாய் திறக்கிற பதத்தில் இறக்கிக் களத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. கடிகாரம் பார்க்க மாட்டார். ஆவியின் வாசனை மாறுவதை வைத்தே "எறக்குடா" என்பார். அவர் அவித்த நெல்லில் நொய் விழாது என்று பக்கத்து மில்லுக்காரர்களே சொல்வார்கள். ஊரெல்லாம் ஊறல் தண்ணீர் நாறும், கொடியில் காயும் துணியில் உமிச்சாம்பல் கறுப்பாக உட்காரும். அந்த நாற்றத்தையும் சாம்பலையும் வைத்துத்தான் அவர் வீடு கட்டினார், மகள் மரிய அனிதாவை பி.காம். வரை படிக்க வைத்தார். இன்பமேரி கோவில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஒருநாள் அடைமழை. அடுப்பில் உமி தள்ளிக்கொண்டிருந்த செம்மலையிடம், "பாத்துக்கடா, ஒரு டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தார் வியாகுலம். பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ஆவிக்குழாயின் இணைப்பு விட்டுப்போய்ச் செம்மலை மேல் அடித்தது. நாலு நாள் கிடந்து செத்தான். பழைய குழாய், அந்த இடத்தில் யார் நின்றிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும் என்று முதலாளி சொன்னார், ஃபிட்டர் சொன்னார், போலீஸும் அப்படியே எழுதிக்கொண்டு போனது. வியாகுலம் மட்டும் அந்தப் பத்து நிமிஷத்திலேயே நின்றுவிட்டார்.

கார்த்திகையில் வேலைக்குப் போவதை விட்டார். மார்கழியில் குளிப்பதை விட்டார். கிறிஸ்துமஸுக்கு எடுத்த வேட்டி மடிப்புக் கலையாமல் கிடந்தது. கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். டீயை மோந்துகூடப் பார்ப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்பமேரிக்குத் திடீரென்று அவர் வீட்டில் தனியாக இருப்பது நினைவுக்கு வரும். இடைவேளை மணி அடித்ததும் வீட்டுக்கு ஓடி வருவாள். அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார். இருக்கிறாரே, அது போதும் என்று திரும்பி ஓடுவாள்.

தை கடைசியில் மூட்டுவலிக்குக் காட்டப்போவதாகத் தெருவில் சொல்லிவிட்டு மதுரைக்குக் கூட்டிப்போனாள். மனநோய் பார்க்கிற டாக்டரம்மா, தலை நரைத்தவர். அவசரமே படாமல் அவரிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு இன்பமேரியை உட்காரச் சொன்னார்.

"இது வியாதிம்மா. சளி, காய்ச்சல் மாதிரி இதுவும் வியாதி. மாத்திரை எழுதியிருக்கேன். மாத்திரை பாதி வேலை பார்க்கும், மீதியை அவர் கால்தான் பார்க்கணும். தினமும் காலையில ஒரு மணி நேரம் வேகமா நடக்கச் சொல்லுங்க. வேர்வையில சட்டை நனையணும். எந்த இடத்துக்கும் போய்ச் சேர வேண்டாம், சும்மா நடக்கட்டும்."

"நடந்தா மனசு சரியாகுமா டாக்டர்?"

"ஆகும். ஆனா ஒண்ணு. உடம்புக்குத் தெம்பு முதல்ல வந்துடும், மனசு பின்னாலதான் வரும். அந்த நேரத்துலதான் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். நல்லா நடக்கறாரேன்னு மாத்திரையை நிறுத்திடாதீங்க."

இன்பமேரி தலையாட்டினாள். தெம்பு வந்த பிறகு என்ன ஜாக்கிரதை என்று அவளுக்கு அப்போது புரியவில்லை.

முதல் நாள் அவரைக் கையைப் பிடித்து எழுப்பி வாசல்வரை தள்ளிவிட வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் தானே செருப்பை மாட்டினார். ஒரு வாரத்தில் சட்டை நனைந்து வந்தார். பத்தாம் நாள் சோற்றில் கை வைத்துக்கொண்டு, "மேரி, கொழம்புல உப்புக் கம்மி" என்றார். மூன்று மாதமாக உப்பும் தெரியாமல் புளிப்பும் தெரியாமல் விழுங்கிக்கொண்டிருந்த மனிதர். இன்பமேரி அடுப்படிக்குப் போய் உப்புச் சாடியைக் கட்டிக்கொண்டு அழுதாள். நடையைக் கண்டுபிடித்தவன் யாரோ அவன் நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தப் பொய்யும் வந்தது.

தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதனுக்கு முந்தின நாள். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வியாகுலத்தின் அக்கா சகாயராணி குடத்தோடு வந்தாள். அவள் வீட்டுக்காரர்தான் கோவிலுக்கு உபதேசியார். அதனால் அந்தக் கோவில் பங்கில் யார் வீட்டில் எது அசைந்தாலும் அது சகாயராணிக்குத் தெரிந்தாக வேண்டும்.

"ஏத்தா இன்பம், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிறாத. தம்பி தெனமும் எங்குட்டுப் போறான்?"

"நடக்கப் போறாக மதினி."

"நடக்கன்னா?"

"சும்மாதான்."

"சும்மா நடக்க அவன் என்ன கலெக்டரா? டீக்கடையில என்ன பேசுறானுக தெரியுமா? மதுரையில எந்த டாக்டருட்டக் காட்டுனாகன்னு பேசுறானுக. நேத்து ஒக்கூருலருந்து ஆளு வந்து எங்க வீட்ல உக்காந்து விசாரிச்சுட்டுப் போறாக. பொண்ணு நல்ல பொண்ணுன்னு தெரியும், அப்பனுக்குத்தான் என்னமோ சொல்றாகளேன்னு. நான் என்னத்தச் சொல்ல?"

அனிதாவுக்குப் பேசிக்கொண்டிருந்த ஒக்கூர் அருள் பிரகாஷுக்கு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் வேலை. நல்ல குடும்பம். அனிதாவின் போட்டோவை வாங்கிப்போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அவளுக்கும் பிடித்திருந்தது. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

பின்னால் மூன்று பெண்கள் குடத்தோடு நின்றார்கள். மூன்று பேரும் காது கேளாதவர்கள் போல வேறு எங்கோ பார்த்தார்கள்.

"ஓரியூருக்கு நடந்து வாரதா நேந்திருக்காக மதினி" என்றாள் இன்பமேரி. "பெரிய வியாழனுக்கு அங்க போய்ச் சேரணும். அதுக்குத்தான் காலைப் பழக்குறாக."

சகாயராணியின் முகம் மாறிய மாற்றத்தைப் பார்க்க வேண்டும். குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். எங்கள் பக்கத்து வேதக்காரர்களுக்கு ஓரியூர் சின்ன விஷயம் இல்லை. பாதிரியார் அருளானந்தர் வேதத்துக்காகத் தலை கொடுத்த செம்மண் அது. பஸ்ஸில் போவதே புண்ணியம், அதில் ஒருவர் இரண்டு நாள் நடந்தே போகிறார் என்றால் அவரைக் கேள்வி கேட்க யாருக்கு வாய் வரும்?

மறுநாள் காலையில் டீக்கடைக்காரர் வியாகுலத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "மேஸ்திரி, எங்களுக்கும் சேத்து வேண்டிக்கங்க" என்றார்.

நடந்துவிட்டு வந்தவர் வேர்வையைக்கூடத் துடைக்காமல் அடுப்படி நிலையில் நின்றார். நெற்றியில் சாம்பல் சிலுவை கலைந்து ஒழுகியிருந்தது.

"நான் நேந்தேன்னு சொன்னியா மேரி?"

"வேற என்ன சொல்லச் சொல்றீக? ஒக்கூர்க்காரக விசாரிக்க வந்துட்டாக. கிறுக்கு வைத்தியத்துக்கு நடக்குறாகன்னு சொல்லவா? கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் இருந்துட்டுப் போகட்டும். நீங்க ஒண்ணும் ஓரியூருக்குப் போக வேணாம். அந்த வாரம் காலு பெசகிப்போச்சுன்னு சொல்லிக்கிருவோம்."

தோசை ஒன்று கருகிவிட்டது.

"நேந்திருக்கணும்தான்" என்றார். "எனக்கு இது தோணலையே."

அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். தோசையைச் சுரண்டி எடுத்துவிட்டு அடுத்த மாவை ஊற்றினாள்.

நேர்ச்சை என்று ஆகிவிட்டால் அது ஒருவர் சொத்து இல்லை. ஊரே பங்குக்கு வந்துவிடும். செருப்போடு நடக்கிறாரே என்று ஒருவர் வருத்தப்பட்டார். மறுநாள் செருப்புப் போனது. நேர்ச்சைக்காரர் மூணு வேளையும் சாப்பிடலாமா என்று சகாயராணி கேட்டாள். ஒருசந்தி ஆரம்பித்தது. மத்தியானம் மட்டும் ஒரு வேளைச் சோறு, கவுச்சி கிடையாது. ஒரு மணி நேர நடை இரண்டு மணி நேரம் ஆனது. சாயங்காலமும் ஒரு நடை சேர்ந்தது. மாசி வெயில் இறங்குவதற்குள் தார் ரோட்டில் வெறுங்காலோடு போய்விட்டு வந்து, கொப்புளத்தை ஊசியால் குத்தி நீர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முகத்தில் வலி தெரியாது. எதையோ சரியாகச் செய்து முடித்த மாதிரி ஒரு அமைதி இருக்கும். அந்த அமைதியைப் பார்த்து இன்பமேரி முதலில் ஏமாந்துபோனாள்.

ஓரியூரில் காணிக்கை வைக்கச் சொல்லி வீட்டுக்கு மெழுகுதிரியும் உப்பு மிளகும் வந்து குவிந்தன. ஒருத்தி வெள்ளிக் கால் உரு கொடுத்தனுப்பினாள். ஒக்கூர்க்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். இப்படிப்பட்ட வீட்டில் சம்பந்தம் வைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும், நேர்ச்சை முடித்து வரட்டும், ஈஸ்டர் கழிந்து உறுதி பண்ணிக்கொள்ளலாம் என்று. அனிதா அன்றைக்கு அப்பா காலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே பாடினாள்.

தவக்காலம் மூன்றாம் வாரத்தில் ஒருநாள் இருட்டுகிற நேரம். மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள்.

"வேணாம் மேரி. ஒருசந்தியில இருக்கேன். பொழுதடஞ்சு வாயில ஒண்ணும் போடக்கூடாது."

"மருந்துக்கு அதெல்லாம் பாக்க வேணாம்."

"எத்தன நாளா நீ குடுத்ததப் போடாம வச்சிருக்கேன்னு நெனச்ச? பத்து நாளாச்சு. நான் நல்லாத்தான இருக்கேன்?"

நன்றாகத்தான் இருந்தார். உடம்பு வற்றி, கெண்டைக்கால் கயிறு மாதிரி முறுக்கேறியிருந்தது. நிமிர்ந்து நின்றார். கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. மூன்று மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஆள்தானா என்று தோன்றும். ஆனால் குழம்பில் உப்பு கூடியதா குறைந்ததா என்று அவர் சொல்லி ரொம்ப நாள் ஆகிவிட்டதை அவள் அப்போதுதான் நினைத்துப் பார்த்தாள்.

மறுநாள் எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் மதுரைக்குப் போன் போட்டாள். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு தணிந்த குரலில் பேசினாள். டாக்டரம்மா அந்தப் பக்கம் சத்தமாகவே பேசினார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க. ஒருநாள்கூடத் தள்ளாதீங்க." வீட்டுக்கு வந்து சொன்னாள். "ஓரியூரு போய்ட்டுப் பாக்கலாம்" என்றார் வியாகுலம். வலுக்கட்டாயமாக இழுத்துப் போயிருக்கலாம். நாத்தனார் வீட்டுக்காரரை வைத்து, முதலாளியை வைத்து, எப்படியாவது. ஆனால் எதற்கு என்று அவர்கள் கேட்பார்களே. ஈஸ்டருக்கு இன்னும் மூன்று வாரம்தான், உறுதி முடிந்த மறுநாளே கூட்டிப்போய்விடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். பெண்ணைப் பெற்றவள் கணக்கு அது. அவளைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டில் ஒரு பெண்ணை நிறுத்திப் பார்க்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறு மத்தியானம் பொன்னுத்தாயி வந்தாள். செம்மலையின் பெண்டாட்டி. அதே மில்லில் களத்தில் நெல் காயப்போடுகிறாள். வியாகுலம் சாயங்கால நடைக்கு வெயில் இறங்குமுன்னே கிளம்பிப் போயிருந்தார். பொன்னுத்தாயி உள்ளே வராமல் படியிலேயே நின்றாள். பாதமெல்லாம் வெடிப்பு, அதில் உமித்தூசி.

"உள்ள வா பொன்னுத்தாயி."

"இருக்கட்டும் டீச்சரம்மா. களத்துல நெல்லுக் கெடக்கு, கிண்டிவிடப் போகணும். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன். மேஸ்திரி தெனமும் எங்க வீட்டுப் பக்கம் வாராரு."

"கண்டனூர் ரோட்டுலதான நடக்குறாக?"

"அந்த நடை முடிஞ்சு வாரப்ப அங்குட்டு ஒரு சுத்து. ஒரு மாசமா வாராரு. ரோட்டுல நின்னு வீட்டப் பாத்துட்டுப் போயிருவாரு. மொதல்ல எனக்கு வவுத்தெரிச்சலா இருந்துச்சு. என்னத்துக்கு வந்து நின்னு பாக்குறீகன்னு கேட்டுப்புடலாமான்னு இருந்துச்சு. பெறகு மூஞ்சியப் பாத்தா கேக்கத் தோணல. அவரு மேல எனக்கு ஒண்ணுமில்ல டீச்சரம்மா. கொழாயி வெடிச்சதுக்கு மனுசன் என்ன பண்ணுவாரு. அதயும் அவருட்டச் சொன்னேன். 'நீங்க டீ குடிக்கப் போகலேன்னா ரெண்டு பேரும்ல போயிருப்பீக, ஒருத்தராச்சும் மிஞ்சுனீகளே'ன்னு சொன்னேன். அதுக்கு ஒரு மாதிரியாச் சிரிச்சாரு."

"எப்பச் சொன்ன?"

"போன வாரம். சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ." பொன்னுத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நாலு நாளா வாசலுக்கே வந்து நின்னு பேசுறாரு. 'செவ்வாக்கெழம கெளம்புறேன் தாயி, ஏதாச்சும் சொல்லி விடணுமா'ன்னு கேக்குறாரு. எல்லாரும் வேண்டுதல் சொல்லி அனுப்புறாகளே, அது மாதிரின்னு நெனச்சேன். நான் வேற சாமி கும்புடுறவ, இருந்தாலும் கேக்குறாரேன்னு, 'புள்ளைக நல்லா இருக்கணும்னு உங்க சாமிகிட்டச் சொல்லுங்க'ன்னேன்."

"சரி?"

"'சாமிகிட்ட இல்ல தாயி, செம்மலைகிட்ட'ன்னாரு."

தெருவில் ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

"எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு" என்றாள் பொன்னுத்தாயி. "ஒருத்தன் போனது போதும் டீச்சரம்மா. அவர அனுப்பாதீக."

அவள் போன பிறகு இன்பமேரி பீரோவில் இருந்த மெழுகுதிரிகளையும் வெள்ளி உருவையும் பார்த்துக்கொண்டு நின்றாள். ஊர் அவரிடம் கொடுத்தனுப்ப இருப்பவை. இதையெல்லாம் கொண்டுவந்து குவித்தது அவள் நாக்குத்தான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் முகம் வழித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு கண்ணாடியைப் பார்த்து, நிதானமாக. பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் போக வேணாம்."

"ஊரு பூரா சொல்லியாச்சு மேரி."

"நான்தான சொன்னேன்? நானே இல்லைன்னு சொல்லிர்றேன்."

"சொல்லாத. அனிதாவுக்கு ஆகாது." கன்னத்தில் பாதி நுரையோடு திரும்பினார். "நான் போயிட்டா ஒரு குத்தமும் சொல்ல மாட்டாக. நேர்ச்சைக்குப் போனவரு மகன்னு கெவுரவமாத்தான் இருக்கும்."

"வெள்ளிக்கெழம பஸ்ல திரும்பிருவீகல்ல?"

கத்தியைத் தண்ணீரில் அலசினார். அவள் கேட்டது அவருக்கு விளங்காதது போல நெற்றியைச் சுருக்கினார்.

"நேந்தது போறதுக்குத்தான மேரி. திரும்பி வாரதுக்கு யாரும் நேரலையே."

குரலில் துக்கமே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரிச் சொன்னார். டாக்டரம்மா அன்றைக்குச் சொன்னது அப்போதுதான் அவளுக்கு முழுசாக விளங்கியது. மார்கழியில் இந்த மனிதருக்கு எழுந்து நிற்கக்கூடத் தெம்பு இல்லை. அதனால்தான் வீட்டில் இருந்தார். கால் கொடுத்தது நடை. போகிற இடம் சொல்லிக்கொடுத்தது அவள்.

எழுந்து சகாயராணி வீட்டுக்கு ஓடினாள். எல்லாவற்றையும் சொன்னாள். சகாயராணி கேட்டுவிட்டு, "உனக்குத்தான் ஒடம்பு சரியில்ல இன்பம். வச்ச நேர்ச்சைய முறிச்சா குடும்பத்தையே புடிக்கும். பேசாமப் போய்ப் படு" என்று சொல்லி வாசல்வரை வந்து விட்டுப்போனாள். அன்றைக்கு இன்பமேரி கண் மூடவில்லை. அவர் நன்றாகத் தூங்கினார்.

செவ்வாய்க்கிழமை காலை ஜெபம் முடிந்து கோவில் வாசலில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். பங்குச் சாமியார், ஆயர் எண்ணெய் மந்திரிக்கிற பூசைக்காக முதல் பஸ்ஸிலேயே சிவகங்கை போய்விட்டார். உபதேசியார் தீர்த்தம் தெளித்து ஜெபம் சொன்னார். ஒக்கூரிலிருந்து அருள் பிரகாஷின் அம்மாவும் பெரியப்பாவும் வழியனுப்ப வந்திருந்தார்கள், கையில் ரோஜா மாலையோடு. எதிர்ச் சுவரில் எலக்‌ஷனுக்கு இடம் பிடித்து வெள்ளையடித்துக்கொண்டிருந்தவர்கள்கூட மட்டையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள்.

மாலை அவர் கழுத்தில் விழப்போகிற நேரம் இன்பமேரி குறுக்கே வந்து நின்றாள்.

"இது நேர்ச்சை இல்ல" என்றாள். வகுப்பில் பேசுகிற குரல் வந்தது. கடைசி வரிசைவரை கேட்டது. "நான் சொன்ன பொய்யி. இவுகளுக்கு மனசுக்கு நோவு. மதுரையில பெரிய டாக்டருட்டக் காட்டி மாத்திரை சாப்புட்டாக. நடக்கச் சொன்னது டாக்டர். ஊருக்குப் பயந்து நான்தான் ஓரியூருன்னு சொன்னேன். இப்ப இவுக திரும்பி வாரதுக்குப் போகல. ஆராச்சும் புடிங்க."

ஒருவரும் பிடிக்கவில்லை.

"ஏடி, தீர்த்தம் தெளிச்ச எடத்துல நின்னுக்கிட்டு நாக்குப் பெரளலாமா?" என்றாள் சகாயராணி. "சாமி காரியத்துல வெளையாடாத!"

கூட்டம் அவள் பக்கம் முணுமுணுத்தது. நாற்பது நாளாகக் கும்பிட்டு வந்ததை ஒரு நிமிஷத்தில் விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசில்லை. டீக்கடைக்காரர் முகத்தைப் பார்த்தால், தன் மெழுகுதிரியை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. ஒக்கூர் அம்மா ஒருத்திதான் இன்பமேரி சொன்னதை நம்பினாள். மாலையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டே, "அப்ப டாக்டருட்டக் காட்டுனது நெசந்தானா?" என்று கேட்டாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது. அனிதா தண்ணீர்ப் பாட்டிலைப் படியில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

வியாகுலம் இதையெல்லாம் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு இன்பமேரியின் தோளைத் தொட்டார். ஊர் பார்க்க அவர் அவளைத் தொட்டதில்லை.

"அது ஒம் பொய்யாத்தான் இருந்துச்சு மேரி" என்றார். "இப்ப அது என் நேர்ச்சை."

கூட்டம் வழி விட்டது. நடக்கத் தொடங்கினார்.

இன்பமேரியும் நடந்தாள். செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற வாயில் புடவை காலைத் தடுக்கியது. முதலில் பத்தடி இடைவெளிதான் இருந்தது. "ஏங்க, நில்லுங்க" என்றாள். மில்லுச் சுவர் தாண்டியபோது முப்பது அடி ஆனது. அவர் ஓடவில்லை. கை வீசி, ஒரே சீராக, வேர்வை வர நடக்கச் சொன்ன நடையேதான் நடந்தார். கரும்பலகையை விட்டு நகராமல் இருபது வருஷம் பாடம் நடத்திய கால் அவளுடையது. மூச்சு நெஞ்சில் குத்தியது. பங்குனி வெயில் அதற்குள் ஏறிவிட்டது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் அவருக்குக் கும்பிடு போட்டார்கள், பின்னால் இரைக்க இரைக்க வருகிறவளைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒக்கூர்க்காரர்கள் ஏறிய பஸ் அவளைக் கடந்து போனது. ஜன்னலில் இருந்த அம்மா அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். போகட்டும் என்று இருந்தது இன்பமேரிக்கு. வாய்விட்டே சொன்னாள், "போகட்டும்."

தூரத்தில் ரயில் கேட் போட்டிருந்தது. அந்த பஸ்ஸும் இரண்டு லாரியும் நின்றிருந்தன. எங்கள் பக்கத்தில் கேட் போட்டால் யாரும் நிற்பதில்லை. குனிந்து நுழைந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கடந்துவிடுவார்கள். வியாகுலமும் குனிந்து நுழைந்தார். ஆனால் கடக்கவில்லை. அங்கேயே, கம்பத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில், ஜல்லிமேல் நின்றார்.

காரைக்குடியிலிருந்து வருகிற காலை வண்டி வளைவில் கூவியது.

இன்பமேரி ஓடினாள். பஸ்ஸை இடித்துக்கொண்டு, கம்பத்துக்கு அடியில் விழுந்து எழுந்து, அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பற்றினாள். கேட் கீப்பர் கத்திக்கொண்டு கொடியோடு ஓடிவந்தான். வண்டி அவர்கள் முன்னால் தடதடவென்று போக ஆரம்பித்தது. அந்தக் காற்றில் அவள் புடவைத் தலைப்பு அவர் முகத்தில் அடித்தது.

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். நாற்பது நாளாக இருந்த பளபளப்பு கண்ணில் இல்லை. வழி தெரியாத ஊரில் இறங்கிவிட்டவர் மாதிரி விழித்தார்.

"காலு நிக்க மாட்டேங்குது மேரி" என்றார். "நில்லுன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குது. விட்றாத. புடிச்சுக்க."

"புடிச்சிருக்கேன்" என்றாள்.

கடைசிப் பெட்டியும் போனது. கேட் திறந்து, லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் கிளம்பின. பஸ்ஸில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். ரோட்டோரத்துக்கு அவரை இழுத்து வந்து, புளியமரத்தில் சாய்ந்துகொண்டு, இன்பமேரி தன் பலம் முழுவதையும் கைக்குக் கொடுத்து நின்றாள். அவள் பிடிக்குள் அவர் கை இன்னும் ஓரியூர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே இருந்தது.